கைமாறிய தோட்டமும் கைமாறிய இசையும்

தோட்டம் கைமாறும்போது தொழிலாளியிடம் எவரும் கேட்பதில்லை என்பது பதுளை மண்ணுக்குப் பழகிப்போன உண்மை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது.

கேக்வோக் என்ற அமெரிக்க இசை மென்பொருள் நிறுவனத்தின் கதையும் ஏறத்தாழ அதுவே. 2013இல் கிப்சன் அதனை வாங்கியது. 2016இல் ஆயுள் முழுதும் இலவச மேம்படுத்தல் என்று விற்றார்கள். 2017 நவம்பரில் பணியையே நிறுத்தினார்கள். பழுதானது மென்பொருளன்று, நம்பிக்கை. பயனர் கூட்டம் சிதறியது. 2018இல் பேண்ட்லேப் அதை மீட்டது. 1998இல் கிப்சனிடம் போன ஒப்கோட் மீளவேயில்லை.

காமன் கூத்துப் பாடல்களைக் கணினியில் பதியும் நம் இளைஞர்கள், எங்கும் திறக்கக்கூடிய வேவ் கோப்பாகவும் ஒரு பிரதி வைக்கட்டும். லயத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாத நாம், பாட்டையேனும் நம் கையில் வைத்திருப்போம்.