கைவிரித்த பிறகா ஆதரவு சிகிச்சை?

ஆழ்வார்திருநகரிப் பக்கம் பெரிய நோய் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்கோ பஸ் ஏறுகிறார்கள். வாரக்கணக்கில் படுத்துவிட்டுத் திரும்பும் சிலரைப் பற்றி ஊர் சொல்வது ஒன்றுதான்: "டாக்டர் கைவிரிச்சிட்டாரு." வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்று ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்கு அதன் பிறகுதான் தெரியவருகிறது.

இந்த முறை மாற வேண்டும். புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, முற்றிய இதய நோய், பக்கவாதம் என்று சேருகிறவர்களுக்கு ஆதரவு சிகிச்சை வார்டிலேயே, முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். மருந்தும் அறுவையும் நோயைப் பார்த்துக்கொள்ளட்டும். வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, கூட இருப்பவரின் கலக்கம் ஆகியவற்றையும் அதே வேளையில் ஒருவர் கவனிக்க வேண்டும்.

"இதைப் பேசினால் நோயாளி மனசு விட்டுவிடுவார்" என்று உறவினர்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. தொடக்கத்திலேயே ஆதரவு சிகிச்சை பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9 மாதம். ஒரே ஆய்வு எல்லா நோய்க்கும் பொருந்தாதுதான். ஆனாலும், ஆதரவு சிகிச்சை என்றாலே சிகிச்சையை நிறுத்துவது என்ற எண்ணம் தவறென்பதற்கு அது போதும்.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் கிடைப்பதற்கு இருந்த சட்டச் சிக்கலை, போதைப்பொருள் சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பெருமளவு தளர்த்தியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தருவதும் அடக்கம். ஊரில் இந்த ஏற்பாடு இருக்கும்போது, மருத்துவமனைக் கட்டிலுக்கும் வீட்டுக் கட்டிலுக்கும் நடுவே நோயாளி தனித்து விடப்படக் கூடாது.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. காய்ச்சல், நாடி குறிக்கும் அட்டையிலேயே வலியின் அளவையும் தினமும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் கொண்ட குழு, வெளிநோயாளிப் பிரிவோடு நின்றுவிடாமல் வார்டு வார்டாகச் செல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே நோயாளியின் விவரம் அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

நோயைத் தீர்க்க முடியாமல் போகும் நேரம் எந்த மருத்துவருக்கும் வரும். அந்த நேரத்திலும் வலியைத் தணிக்க வழியுண்டு. அதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.