ப்ளஸ் ஆர் மைனஸ் ரெண்டு!

போன மே மாசம், செமஸ்டர் டென்ஷனுக்கு நடுவுல, க்ளாஸ் லிஸ்ட்டைப் பார்த்து ரூம்மேட்டுக்கு பர்த்டே கேக் வாங்கினோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பி, மூஞ்சியில அப்பி முடிச்சதும் சாவகாசமா சொல்றான்... "மச்சி, இது சர்ட்டிஃபிகேட் பர்த்டேடா. ஒரிஜினல் ஆகஸ்ட்லதான். ஒண்ணாங்கிளாஸ் சேர்க்க வயசு பத்தலைனு வாத்தியாரே மாத்திப் போட்டுட்டார்!"

சிரிச்சுட்டுத் தூங்கிட்டோம். ஆனா, கோர்ட் முதல்ல கேட்கிறது அந்த வாத்தியார் எழுதின தேதியைத்தான் பாஸ்!

ஒரு கேஸில் சிக்கினவர் சிறுவரா, பெரியவரானு சந்தேகம் வந்தா, என்ன செய்யணும்னு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு வரிசை போட்டுக் கொடுத்திருக்கு. முதலில் ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லைனா, மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தர்ற பிறப்புச் சான்றிதழ். ரெண்டும் இல்லைனாத்தான் டாக்டர். (ஆதார் கார்டு பிறந்த தேதிக்கு ஆதாரம் கிடையாதுனு 2024-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பேரே ஆதாரம்தான், என்ன செய்ய!)

'எலும்பு பொய் சொல்லாதே... அதை ஏன் கடைசியில வெச்சாங்க?'னு எனக்கும் டவுட். விஷயம் இதுதான். வளர்ற வயசுல எலும்போட முனை தனியா இருக்கும். வளர்ச்சி முடியும்போது ஒட்டிக்கும். முழங்கை சுமார் 16 வயசுல, மணிக்கட்டு 18 வாக்கில், இடுப்பெலும்பின் மேல் விளிம்பு 20 வாக்கில். எக்ஸ்ரே எடுத்து, எது ஒட்டியிருக்கு, எது ஒட்டலைனு பார்த்து வயசைக் கணிக்கிறாங்க. ஆனா பெண்களுக்கு இது கொஞ்சம் முன்னாடியே நடந்துடும். சாப்பாடு, பரம்பரைனு மற்றதும் சேர்ந்து ஆளுக்கு ஆள் மாறும். ரெண்டு பக்கமும் ரெண்டு வருஷம் தப்பலாம்னு 1982-லேயே, ஜெயமாலா வழக்கில், சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. எங்க வொர்க்ஷாப்பில் அரை மில்லிமீட்டர் தப்பினாலே ஜாபைத் தூக்கிப் போட்டுடுவாங்க. இங்கே டாலரன்ஸ் ரெண்டு வருஷம்! டாக்டர் 18-னு சொன்னா 16 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். தப்பவே கூடாத இடத்துலதான் அது தப்புது.

தப்பினா என்ன ஆகும்? 1994 ஆகஸ்ட்டில் புனேயில் ஏழு பேர் கொலை. அந்தக் கேஸில் பிடிபட்ட ஒரு ராஜஸ்தான் பையனைப் பெரியவன்னே விசாரிச்சாங்க. ரெக்கார்டுல பேர்கூட வேற மாதிரி இருந்தது. 1998-ல் தூக்குத் தண்டனை. 2000-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

'சம்பவம் நடந்தப்போ நான் சிறுவன்'ங்கிற வாதத்தை எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்கு அப்புறமும், எழுப்பலாம்னு சட்டத்துல இடம் இருக்கு. அந்த வழியிலதான் அவர் படிச்ச ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பதிவேடு வெளியே வந்தது. பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1. அதாவது, கொலை நடந்தப்போ வயசு பன்னிரண்டரை. குற்றம் செஞ்சது உண்மைன்னாலும், அந்த வயசுக்கு அதிகபட்சத் தண்டனையே மூணு வருஷம்தான்.

2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. அதுக்குள்ள 28 வருஷம் ஜெயிலில் போயிருந்தது. வெளியே வந்தப்போ அவருக்கு 41 வயசு.