தேசவழமையும் தீவகப் பெண்ணின் காணியும்: ஒரு புலமை மரபின் மீதான கண்டனம்

யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண் சொத்துரிமை உடையவள்; ஆதலின் அயற் சமூகத்துப் பெண்களினும் உயர்ந்த நிலையில் வைத்துப் போற்றப்பட்டவள் என்னும் கூற்று கருத்தரங்கு மேடைகளில் நெடுங்காலமாக ஒலித்து வருவதாகும். அதற்குச் சான்றாகத் தேசவழமை காட்டப்படும். சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் பெண்வழி ஆதனம் என்பதும், அது பழைய தாய்வழி உரிமையின் எச்சம் என்பதும் உடன் கூறப்படும். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. அப்பாதியே தீங்கு பயப்பதாகவும் உள்ளது. ஏனெனில், மறைக்கப்பட்ட மறுபாதியைச் சுட்டுவோர் மரபின் பகைவராகவும் இனத்தின் அடையாளத்தைச் சிதைப்போராகவும் காட்டப்படுகின்றனர்.

மறைக்கப்பட்ட மறுபாதியைக் காணத் தீவகத்தை நோக்குவதே போதுமானது. ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் வளவும் பனங்காணியும் தலைமுறை தலைமுறையாகச் சீதன உறுதிகளின் வழியே பெண்களின் பெயருக்கு மாறி வந்துள்ளன. நெடுந்தீவில் முருகைக்கற்களை அடுக்கி எல்லையிட்ட காணி பெண்ணுக்கு உரியது. உறுதியில் அவள் பெயரே உள்ளது. ஆயினும் திருமணமான ஒருத்தி தன் பிள்ளையின் படிப்புக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ அக்காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நொத்தாரிசிடம் சென்றால், அவர் முதலிற் கேட்டது அவளுடைய உறுதியையன்று; கணவனுடைய எழுத்து மூலமான சம்மதத்தையே. கணவன் தன் முதுசக் காணியை விற்கச் செல்லும்போது மனைவியின் சம்மதத்தைக் கேட்பார் எவருமிலர்.

இந்நிபந்தனை எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின் பேரில் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு சமர்ப்பித்தார். பன்னிரு முதலியார் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்புக்கொண்டனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். தொகுத்தவர் ஓர் ஐரோப்பிய அதிகாரி. ஒப்புதல் அளித்தோர் பன்னிரு ஆடவர். பெண்ணொருத்தியின் வாய்மொழி அதிற் பதியப்பட்டதாக எச்சான்றும் இல்லை. பெண்கள் கணவன்மாரின் விருப்பத்துக்கு உட்பட்டவர்கள் என்ற எண்ணம் அத்தொகுப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. போர்த்துக்கேயர் காலம் முதலாக வழமைகள் மாறிவிட்டன என்பதையும் அத்தொகுப்பே ஒப்புக்கொள்கின்றது. எனவே ‘தொன்று தொட்டு மாறாத தமிழர் வழமை’ என ஒன்று அதில் இல்லை. மாறிக்கொண்டிருந்த வழமையின் ஒரு கட்டத்தைச் சில ஆடவர் கண்டு எழுதிய பதிவே அது.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இந்நிலையை மேலும் இறுக்கியது. அசைவுள்ள ஆதனத்தை மனைவி தன் விருப்பப்படி கையாளலாம். அசைவற்ற ஆதனமாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என அது விதித்தது. அடையாளம் பற்றிப் பெரிதும் பேசுவோர் கருத்தூன்றிக் கவனிக்கத்தக்க மற்றொரு விதியும் அதிலுண்டு. தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆடவனை மணந்தால், அத்திருமணம் நிலைக்குங்காலம் வரை அவள் தேசவழமைக்கு உட்படாள். உட்படாத பெண் உட்பட்டவனை மணந்தால் அவளும் உட்படுவாள். நெடுந்தீவிற் பிறந்து மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்டவள் தேசவழமையிலிருந்து நீங்குகின்றாள். மட்டக்களப்பிலிருந்து நயினாதீவுக்கு மருமகளாக வந்தவள் அதனுட் புகுகின்றாள். ஆடவனோ எவளை மணந்தாலும் தன் நிலையில் மாறுவதில்லை. பெண்ணுக்குரிய தனித்த அடையாளம் இச்சட்டத்தில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம், பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களைக் கணவனின் சம்மதத்திலிருந்து விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்கள் அவ்விடுதலையிலிருந்து விலக்கப்பட்டனர். பால் வேறுபாட்டின் பேரிற் பாரபட்சம் காட்டுதல் ஆகாது என 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12ஆம் உறுப்புரையிற் கூறியது. ஆயின் ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என 16ஆம் உறுப்புரை அதனைத் தடுத்தது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை 1981இல் இலங்கை ஏற்றுக்கொண்ட பின்னரும் அச்சுவர் இடியவில்லை.

இது நூலறிவு சார்ந்த விவாதமன்று என்பதைத் தீவகத்தின் அண்மைய வரலாறு உணர்த்தும். தீவக ஆடவரிற் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தினர். பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் பெயர்ந்தனர். ஊரிற் காணியைக் காத்தவள் மனைவி. சம்மதமோ கடல் கடந்து அற்றோணித் தத்துவமாக வரவேண்டியிருந்தது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றிய வேளையில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி ஆகிய ஊர்களிற் பிடிக்கப்பட்ட ஆடவர் பலர் மீளவேயில்லை. அவர்தம் மனைவியர் கைம்பெண்களுமல்லர், கணவரோடு வாழ்வோருமல்லர். இல்லாத ஒருவனின் ஒப்பத்துக்கு அவர்கள் எங்கே செல்வது?

நீதிமன்று செல்லலாமே என்பர் சட்டம் கற்றோர். கணவன் கைவிட்டுச் சென்றாலோ, இருப்பிடம் அறியப்படாவிடினோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அதனை வழங்கலாம் என 1911ஆம் ஆண்டின் சட்டம் கூறியது உண்மையே. ஆயின் நெடுந்தீவுப் பெண்ணுக்கு மாவட்ட நீதிமன்றம் என்பது வள்ளமேறிக் குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்து பிடித்துச் செல்லவேண்டிய இடமாகும். வழக்கறிஞர் கூலியும் நாட்கூலி இழப்பும் அவளுடையவை. எஞ்சிய வழி ஒன்றுண்டு. காணாமற்போனோரின் இறப்பைப் பதிவுசெய்ய 2010ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. அவன் இறந்தான் எனத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தால் அவள் காணி அவள் கைக்கு வரும். அவனை இன்னும் தேடிக்கொண்டிருப்பவளிடம் இதனைக் கோருவது எத்தகைய கொடுமை! 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் அறிமுகமானது பல பெண்கள் அவ்வாறு எழுதிக்கொடுக்க மறுத்தமையின் பின்னரேயாகும்.

கணவனின் சம்மதம் பெண்ணை ஏமாற்றுவோரிடமிருந்து காக்கும் வேலி என்பது மற்றொரு வாதம். ஏமாறுதல் பெண்ணுக்கே உரிய இயல்பாயின் அவள் பெயரிற் காணியை எழுதியதேன்? பெண் வெறும் பாத்திரமாகவும் உள்ளிருக்கும் பொருள் வேறொருவர் ஆளுகைக்குரியதாகவும் கருதப்பட்டமையே அதற்கு விடை. பாதுகாப்பு நோக்கமாயின் அது இருவருக்கும் பொதுவாதல் வேண்டும். ஒருவரை மட்டும் காப்பது காவலன்று, கட்டுப்பாடே.

ஆய்வுலகமும் இப்பழியிலிருந்து தப்பமுடியாது. 1973ஆம் ஆண்டு ஜாக் கூடியும் இலங்கைத் தமிழரான ஸ்ரான்லி தம்பையாவும் இணைந்து வெளியிட்ட நூல், சீதனத்தைப் பெண்ணுக்குரிய ஆதனமாகவும் பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே மகளுக்கு வழங்கும் வழியுரிமையாகவும் விளக்கிற்று. சொத்து எவருக்கு இறங்குகின்றது என்ற வினாவுக்கு அது ஒரு விடை. அதனை எவர் ஆளுகின்றனர் என்பது வேறொரு வினா. யாழ்ப்பாணத்து மேடைகள் முதல் விடையை நற்சான்றிதழாக ஏந்திக்கொண்டு இரண்டாம் வினாவைக் கைவிட்டன. ‘நன்கொடை’ என்னும் பெயரில் மாப்பிள்ளை வீட்டார் கைக்குச் செல்லும் பணம் எவ்வகையிற் பெண்ணின் ஆதனமாகும் என்றும் அவை கேட்டில.

தேசவழமையைத் தொட்டால் தமிழர் அடையாளம் அழியும் என்னும் இறுதி வாதத்துக்கு அத்தொகுப்பே மறுமொழி தருகின்றது. அடிமைகளை உடையோரின் உரிமைகளைக் கூறும் பகுதி அதிலிருந்தது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அப்பகுதி உயிரிழந்தது. அதனால் தமிழர் அடையாளம் அழிந்துவிட்டதா? அடிமையுடைமை போனபின்னும் நிலைத்த அடையாளம், மனைவியின் காணிக்கு அவளே ஒப்பமிடுவதால் அழிந்துவிடுமாயின், அது பேணத்தக்க அடையாளந்தானா?

இவ்வினாவை எழுப்பும் மரபும் இம்மண்ணில் இல்லாமலில்லை. 1986இல் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பை வெளியிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம, போரிற் பெண்கள் பட்டதைப் பெண்களின் வாய்மொழியிலேயே கேட்டு ‘முறிந்த பனை’யில் எழுதினார், 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐசாக்ஸ் கேளாது விட்டவர்களிடம் கேட்பதே அவர் காட்டிய நெறி. அந்நெறியிற் செல்லும் ஆய்வு, பன்னிரு முதலியாரின் ஒப்புதலோடு நின்றுவிடாது தீவகத்து வீட்டு முற்றங்களுக்குச் செல்லும், உறுதிகளைப் புரட்டும், விற்கமுடியாது போன காணிகளின் கதையைப் பதியும்.

சட்டத்தின் வாசகத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் கடமை. அவ்வாசகத்துக்கு ஒரு நூற்றாண்டாகப் பெருமை கற்பித்த புலமையைத் திருத்துவது பல்கலைக்கழகத்தின் கடமை. முன்னையது நிறைவேறினும் பின்னையது நிறைவேறாவிடின், உறுதியிலிருந்து நீங்கிய கணவனின் ஒப்பம் மேடைப் பேச்சில் நிலைத்திருக்கும்.