கோயில் விஷயத்தைக் கோயில்லயே பேசுவோம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க.

நம்ம கோயில்ல பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. கார் நிறுத்துற இடத்துல பேசுறோம், சாப்பாட்டுக் கடையில பேசுறோம், ராத்திரி 12 மணி வரைக்கும் வாட்ஸ்அப்புல பேசுறோம். ஆனா பதில் சொல்ல வேண்டியவங்க உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஓர் இடம் மட்டும் இல்லை. அந்த இடம் கோயிலுக்குள்ளேயே வேணும் என்பதுதான் என் கருத்து.

"அதுக்குத்தான் ஆண்டுப் பொதுக்கூட்டம் இருக்கே" என்று சிலர் சொல்வாங்க. இருக்கு, இல்லைன்னு சொல்லலை. 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போகணும். அதனால அன்றைக்கு அறிக்கை வாசிச்சு, கணக்கை ஏத்துக்கிட்டு, தேர்தல் நடத்தி முடிக்கவே நேரம் சரியாப் போயிடும். கடைசியில "வேறு விஷயங்கள்" என்று வரும்போது எல்லாருக்கும் பசி வந்துடும்.

இன்னொன்றும் கவனிக்கணும். அந்தக் கூட்டத்துல உறுப்பினர்தான் பேசலாம். வெள்ளிக்கிழமை தவறாம வந்து பாத்திரம் கழுவுற அக்காமார்கள்ல எத்தனை பேர் உறுப்பினர்? கோலம் போடுற பிள்ளைங்க? படியேற முடியாம வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டுப் போற பாட்டிங்க? கைப்பிடி வைக்கணும் என்று அவங்க யாரிடம் போய்ச் சொல்றது?

நான் ஃபேக்டரியில சூப்பர்வைசர். ஷிஃப்ட் தொடங்கும் முன்னால பத்து நிமிஷம் எல்லாரும் நின்னு பேசுவோம். மெஷின் சத்தம் மாறினா அது முதல்ல தெரியிறது பக்கத்துல நிற்கிற ஆப்பரேட்டருக்குத்தான், மேனேஜருக்கு இல்லை. அவர் சொன்னதைப் போர்டுல எழுதுவோம்: பிரச்சினை என்ன, யார் பார்க்கிறது, எந்தத் தேதிக்குள்ள, முடிஞ்சதா இல்லையா. இவ்வளவுதான். அந்தப் போர்டு இல்லைன்னா அதே பேச்சு கழிவறைப் பக்கம் போயிடும். அங்கே ஒன்று பத்தாகும்.

கோயில்லயும் அதுதான் நடக்குது. அன்னதானத்துல அரிசி மிஞ்சினா "எங்கே போச்சு" என்று ஒருத்தர் கேட்கிறார். கேட்கிறது தப்பில்லை. ஆனா பதில் வராத கேள்வி ரெண்டு நாள்ல குற்றச்சாட்டா மாறிடுது. அப்புறம் ஒருத்தர் மேல ஒருத்தர் எழுதுறாங்க. 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு போனில் அனுப்புற செய்திக்கும் பொருந்தும். கோயில் விஷயத்துக்காகப் போலீஸ் வரைக்கும் போறது யாருக்குப் பெருமை?

கணக்குக் கேட்கிறது நம்ம வழக்கத்துக்கு விரோதமும் இல்லை. உத்திரமேரூர்ல பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கு, 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டினது. ஊர் வாரியத்தில் இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவரை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அதுல எழுதியிருக்கு. அவர் மட்டும் இல்லை, அவர் நெருங்கிய சொந்தக்காரங்களும் வர முடியாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எல்லாரும் பார்க்கிற சுவர்ல வெட்டி வச்சிருக்காங்க.

நிர்வாகத்தில் இருக்கிறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அவங்களும் சம்பளம் இல்லாம, வேலை முடிச்சு வந்து உழைக்கிறாங்க. "வேலை செய்யாதவன்தான் கேள்வி கேட்கிறான்" என்ற வருத்தம் அவங்களுக்கு உண்டு. சண்டை வந்துடுமோ என்ற பயமும் நியாயம்தான். அதனால ஒழுங்கு முறை இல்லாம இதைத் தொடங்கக் கூடாது. என் யோசனை இது:

1. மாதம் ஒரு ஞாயிறு, மதியப் பூஜை முடிஞ்சு ஒரு மணி நேரம். உறுப்பினரா இல்லையா என்று பார்க்க வேண்டாம். வர முடியாத ஷிஃப்ட் வேலைக்காரங்களுக்கு அலுவலக மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

2. கேட்கிறவர் பேரைச் சொல்லிக் கேட்கணும். மொட்டைக் கடிதத்துக்கு இடம் இல்லை.

3. விஷயத்தைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றி, குடும்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

4. தலைவர் கூட்டத்தை நடத்த வேண்டாம். இரு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவரோ ஆசிரியரோ நடத்தட்டும்.

5. பதில் 14 நாளுக்குள் அறிவிப்புப் பலகையில். "முடியாது" என்பதும் பதில்தான், காரணத்தோடு சொல்லணும்.

6. பணத்தில் சந்தேகம் இருந்தா ரசீதோ ஆதாரமோ எடுத்துக்கிட்டுக் கணக்காய்வாளரிடம் கொடுக்கணும். கூட்டத்துல கத்தக் கூடாது.

முதல் ரெண்டு மாதம் கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். அடைச்சு வச்ச தண்ணி அப்படித்தான் வரும். பதில் வருதுன்னு தெரிஞ்சா சத்தம் தானா குறையும்.

இப்போ ஏன் இதை எழுதுறேன்? அடுத்து நமக்குக் கும்பாபிஷேக வேலை இருக்கு. மக்கள் காசுதான் அது. ஐந்து வெள்ளி போடுறவரும் ஐயாயிரம் போடுறவரும் நம்பிக்கையோடு போடணும். மனசுல கேள்வியோட போனவங்களை வேற கோயில்ல பார்க்கிறோம். சண்டை போட்டுப் போகலை, சும்மா வராம விட்டுட்டாங்க. அதுதான் எனக்குக் கவலை.

இந்த ஆறையும் எழுத்தில் அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்குக் கொடுக்கப் போறேன். சம்மதம் உள்ளவங்க வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் சமையல்கட்டுப் பக்கம் வாங்க, கையெழுத்துப் போடுங்க. சம்மதம் இல்லாதவங்களும் வாங்க. ஏன் வேணாம்னு நேர்ல சொல்லுங்க, அதையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறேன்.

அம்பாள் துணை.