பெண்கள் பள்ளி ஆண்டு விழாவும் நம் மகமைக் கணக்கும்



தை பிறந்துவிட்டால் நம் பகுதிப் பள்ளிகளில் ஆண்டு விழாப் பேச்சு தொடங்கிவிடும். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவும் ஆசிரியைகள் இருவரும் அழைப்பிதழோடு கடைத்தெருவுக்கு வருவார்கள். நாமும் இயன்றதைக் கொடுப்போம். ஒருவர் பரிசுக்கு எவர்சில்வர் தட்டு, ஒருவர் பந்தல் செலவு, ஒருவர் விழா மலருக்கு அரைப்பக்க விளம்பரம். மாலையில் முன்வரிசையில் அமர்ந்து, சால்வை பெற்று, இரண்டு நடனம் பார்த்துவிட்டுக் கல்லாவை எண்ணத் திரும்புவோம். அத்தோடு அந்த வருஷத்துக் கணக்கு நேராகிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி நேராகிவிடவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஆண்டு விழா என்பது பள்ளிக்கூடம் ஊரின் முன் ஐந்தொகை எடுத்துக் காட்டும் நாள். எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், யார் யார் பாதியில் நின்றார்கள் என்பதெல்லாம் ஆண்டறிக்கையில் வரும். அறிக்கை வாசிக்கும்போது தான் நாம் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பருப்பு விலை பேசிக்கொண்டிருப்போம். முதல் போட்டவன் ஐந்தொகையைக் கேட்காமல் எழுந்து போவானா? நாம் அந்தப் பள்ளிக்கு விருந்தாளிகள் அல்ல, முதல் போட்டவர்கள். இந்த உரிமையை நமக்கு முந்தியவர்கள் சம்பாதித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மகமை என்ற சொல் இன்றைய இளைஞர்களுக்குப் புதிதாக இருக்கலாம். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலேயே ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பொதுக் காரியத்துக்குச் சேர்ப்பது மகமை. லாபம் வந்தால் கொடுப்பது என்ற பேச்சே அதில் கிடையாது. சரக்கு நகர்ந்தால் மகமையும் நகரும். நகரத்தார் பேரேடுகளில் மகமைக்கென்று தனிப் பற்றுவரவு உண்டு. கோயிலும் குளமும் பாடசாலையும் அந்தப் பணத்தில் எழுந்தன.

விருதுநகர் வியாபாரிகள் இதையே பள்ளிக்கூடம் நடத்தும் வழியாக்கினார்கள். அங்கே 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கியது. கடைகளில் மகமை, வீடுகளில் பிடி அரிசி. அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அது சேர்ந்து பள்ளிக்குப் போகும். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். பின்னாளில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்து மதிய உணவும் போட்ட மனிதரின் எழுத்தறிவில் மளிகைக் கடையின் மகமையும் ஏழைத் தாயின் பிடி அரிசியும் கலந்திருந்தன. அதே ஊரில் 1962-ல் வன்னியப்பெருமாள் பெயரில் பெண்கள் கல்லூரியும் வந்தது.

பிடி அரிசியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் மொத்தமாகக் கொடுத்தால் பள்ளி அவர் பெயரில் நிற்கும். ஆயிரம் வீட்டார் ஒரு பிடி கொடுத்தால் பள்ளி ஆயிரம் வீட்டாருக்கும் சொந்தமாகும். அப்படிப்பட்ட பள்ளியின் ஆண்டு விழாவுக்கு யாரையும் வருந்தி அழைக்க வேண்டியதில்லை.

நம் செட்டிநாட்டுக்கு வருவோம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆண்கள் கொண்டுவிக்கப் போன காலத்தில், வருஷக்கணக்கில் இங்கே வீட்டையும் நிலத்தையும் பொருளையும் கட்டிக் காத்தவர்கள் ஆச்சிமார்கள். கணக்கில் அவர்களை ஏமாற்ற எவராலும் முடியாது. ஆனாலும் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வெகுநாள் தயங்கிய ஊர்கள்தாம் நம்முடையவை. அந்தத் தயக்கத்தை உடைக்கச் சிலர் ஏச்சுப் பேச்சு வாங்கினார்கள். சொ. முருகப்பா 1930-களில் ‘மாதர் மறுமணம்’ என்றே பெயர் வைத்து இங்கிருந்து பத்திரிகை நடத்தினார். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் பெண் சேருவதா என்ற எதிர்ப்பைத் தாண்டிப் படித்து, 1912-ல் டாக்டராகி, 1927-ல் சென்னைச் சட்டசபைக்கும் போனார். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். பின்னர் தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்விக்காக விட்டுக்கொடுத்ததை இன்றும் நம் ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம்மவர்கள் தொழில் செய்த இலங்கையிலிருந்தும் ஒரு செய்தி. யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி 2024-ல் இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்சுலோ அம்மையார் 1824-ல் தொடங்கிய பள்ளி அது. அவருடைய கணவர்தான் 1862-ல் பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்ட வின்சுலோ. அங்கே பொறுப்பேற்ற எலைசா அக்னியு என்ற அம்மையார் சுமார் நாற்பது ஆண்டு இருந்து, தாய்க்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேத்தி என்று படிப்பித்தார். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று அவரைச் சொன்னார்கள். அந்த மண் போரையும் இடப்பெயர்வையும் கண்டது. அங்கே படித்த பெண்கள் உலகமெல்லாம் சிதறினார்கள். ஆனாலும் பள்ளியின் பெயரைச் சொன்னால் அவர்கள் ஒரு குடும்பம்.

இதில் நம் கவனத்துக்குரிய ஒன்று உண்டு. ஆண்பிள்ளை படித்த ஊரிலேயே கடை வைக்கிறான். பள்ளித் தோழனைத் தேநீர்க் கடையிலும் சந்தையிலும் பார்த்துவிடுகிறான். பெண் அப்படியல்ல. ஒருத்தி புதுவயலுக்கும், ஒருத்தி தேவகோட்டைக்கும், ஒருத்தி சென்னைக்கும் வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் பிறகு முகம் பார்ப்பதே அரிது. தாய் வீட்டுக்கு வந்தாலும் சடங்கு, சீர், உறவு என்று பொழுது போய்விடும். இன்னார் மகள், இன்னார் மனைவி என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, தன் பெயருக்காக மட்டும் அவளை அறிந்த இடம் பள்ளிக்கூடம் ஒன்றே. ஆண்டு விழா அவளுக்கு இன்னொரு தாய் வீடு. அன்றைக்குப் பூ விற்கும் அம்மாவும், மூட்டை தூக்குபவரின் மனைவியும், வங்கி அதிகாரியின் மனைவியும் ஒரே வரிசையில் அமர்ந்து தங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு மாலை வேறெங்கே கிடைக்கிறது?

“அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே, நாம் எதற்கு?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அரசு செய்வது உண்மை. புத்தகம் தருகிறது, சைக்கிள் தருகிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஆனால் பஸ் தவறிய பெண் மழைக்கு ஒதுங்கும் இடம் நம் கடைத் திண்ணை. அவள் பயமில்லாமல் அங்கே நிற்கிறாளா என்பது நம் கையில் இருக்கிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஒரு கையால் விழாவுக்கு நன்கொடையும் மறு கையால் பள்ளி வாசலில் பீடிக்கட்டும் நீட்டினால் அந்த நன்கொடைக்கு என்ன மதிப்பு?

“வியாபாரம் இருக்கிற இருப்பில் தர்மம் எங்கே?” என்பது அடுத்த கேள்வி. பெரிய அங்காடிகளும் செல்போனில் வாங்கும் பழக்கமும் நம்மை நெருக்குவது மறுக்க முடியாதது. அதனால்தான் மகமையைச் சொல்கிறோம். மூட்டைக்கு ஒரு ரூபாய் எந்தக் கடையையும் சாய்த்துவிடாது. வாங்குபவர் ஐம்பது காசு, விற்பவர் ஐம்பது காசு என்று வைத்துக்கொண்டாலும் சரி. இதில் நமக்கும் ஆதாயம் உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் எத்தனையோ கடைகளில் கணக்கைத் தூக்கி நிறுத்தியது வணிகவியல் படித்த மகளோ மருமகளோதான். கணவரை இழந்த பின் கடையை மூடாமல் நடத்திவரும் தாய்மார்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். படித்த பெண் உள்ள வீட்டில் கடை அநாதையாவதில்லை.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, அடுத்த புதுக்கணக்கில் ‘பெண்கள் பள்ளி மகமை’ என்று ஒரு தலைப்பு எழுதி, மாதம் தவறாமல் வரவு வைப்போம். அதை மேடைக்கும் மாலைக்கும் செலவிடாமல், பாதியில் நிற்கவிருக்கும் பெண்களின் பஸ் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும், கழிப்பறைத் தண்ணீர் வசதிக்கும் தலைமையாசிரியை சொல்கிறபடி கொடுப்போம். கொடுத்தவர் பெயரை எங்கும் எழுத வேண்டாம். இரண்டாவது, ஆண்டு விழாவுக்குப் பழைய மாணவிகளை அழைக்கும் வேலையை நாம் ஏற்போம். சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் நம் சரக்கு வண்டி போகிறது. சரக்கோடு அழைப்பிதழும் போகட்டும். வருகிறவர்களுக்கு முன்வரிசையை விட்டுக்கொடுத்து நாம் பின்னால் அமர்வோம். மூன்றாவது, ஆண்டறிக்கையைக் காது கொடுத்துக் கேட்போம். போன வருஷம் பத்தாம் வகுப்பில் இருந்த பெண் இந்த வருஷம் பதினொன்றில் இல்லையென்றால், ஏன் என்று அவள் தகப்பனாரிடம் விசாரிப்போம். அவர் நம் கடைக்கு வருகிறவராகத்தான் இருப்பார்.

வராத பாக்கிக்கு நான்கு முறை ஆள் அனுப்புகிறவர்கள் நாம். பள்ளிக்கு வராத பெண்ணுக்காக ஒரு முறையாவது ஆள் அனுப்புவோம்.