ஞாயிறு யார் கட்சி?

தை பிறந்தால் ஒரு சண்டை. சித்திரை பிறந்தால் மறு சண்டை. தமிழருக்குப் புத்தாண்டு எது என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு, தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் பிறந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் சட்டமும் மாண்டது. அதன் எதிரொலி கடல் கடந்து இலங்கையிலும் கேட்கிறது. வழக்காடுவது குற்றமன்று. ஆனால் இரு கட்சியாரும் ஞாயிற்றைத் தம் பக்கச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறார்களே, அதைத்தான் நாம் மறுக்கிறோம்.

தைக் கட்சியார் சொல்வதென்ன? அன்றுதான் கதிரவன் வடக்கே திரும்புகிறானாம். சித்திரைக் கட்சியார் சொல்வதென்ன? அன்றுதான் பகலும் இரவும் சமமாகும் விஷுவமாம். இரண்டும் உண்மையல்ல. கதிரவன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். பகலும் இரவும் சமமாவது மார்ச் 20 அல்லது 21இல். நம் பொங்கலும் நம் சித்திரையும் மூன்று வாரத்துக்கு மேல் பிந்தியே வந்து சேர்கின்றன.

பிழை எங்கே? நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டை அளக்கிறது. பருவமோ கதிரவனைப் பூமி சாய்ந்து சுற்றுவதால் வருகிறது. பூமியின் அச்சு, ஓயப்போகும் பம்பரத்தைப்போல மெல்லத் தலைசுற்றுகிறது. அதனால் இவ்விரு ஆண்டுகளும் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிரிந்துகொண்டே போகின்றன. ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பொருந்தியிருந்தது இன்று பொருந்தவில்லை. இப்படியே போனால் இன்னும் ஆயிரத்து இருநூறு ஆண்டில் சித்திரைப் புத்தாண்டு மே தினத்தோடு கைகோத்து வரும். நமக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அன்றும் ஒருவர் எழுந்து, ‘இன்றே விஷுவம்’ என்பாரானால் அதை அறிவென்று சொல்ல முடியுமா?

முன்னோரைப் பழிப்பதாக எவரும் சீற வேண்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர், அயனங்கள் பழைய நூல் கூறும் இடத்திலிருந்து நகர்ந்துவிட்டதைக் கண்டார், கண்டதை எழுதினார், ஐயமுள்ளோர் நிழலை அளந்து பார்க்கட்டும் என்று வழியும் காட்டினார். அவரை வணங்குவோர் பலர். அவரைப்போல ஒரு கோலை நட்டுப் பார்ப்போர் எத்தனை பேர்?

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையை எடுத்துக்கொள்வோம். கண்டி மன்னர் காலத்தில் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் கத்தோலிக்கர் வாழும் ஊர். அந்தோனியார் திருத்தலத்தால் பெயர் பெற்றது. அவர்களுடைய திருச்சபை 1582இல் என்ன செய்தது? விஷுவம் நாட்காட்டியை விட்டு நழுவியதைக் கண்டு, அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று ஆணையிட்டுப் பத்து நாளைத் தூக்கி எறிந்தது. அரை நூற்றாண்டு கழித்துக் கலிலியோவை விசாரணைக் கூண்டில் நிறுத்திய அதே சபைதான்! அதுகூட வானத்தின் முன் நாட்காட்டியைத் திருத்திக்கொண்டது. விஞ்ஞானப் பரம்பரையென மார்தட்டும் நாம் திருத்தவில்லை. இந்தியாவில் மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த குழு, ஆண்டை விஷுவத்தை ஒட்டித் தொடங்க வழிசெய்தது. 1957 மார்ச் 22 முதல் அது தேசிய நாட்காட்டியாயிற்று. அரசிதழில் ஏறியது, மக்கள் வீட்டு வாசலில் ஏறவில்லை.

அப்படியானால் ஜனவரி முதல் நாள் அறிவுக்குப் பொருந்தியதா? அதுவுமில்லை. உரோமாபுரியின் ஆட்சித் தலைவர்கள் கி.மு. 153 முதல் பதவியேற்ற நாள் அது. ஆளுவோரின் வசதி, உலகத்தின் புத்தாண்டாயிற்று. வானத்தோடு உண்மையாக நடப்பவர் ஈரானியர். அவர்களுடைய நவ்ரூஸ் இன்றும் விஷுவத்திலேயே பிறக்கிறது.

இன்னும் ஒன்று. அயனம் திரும்புவது வடநாட்டு மனிதனுக்கு வாழ்வுச் செய்தி. லண்டனில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு எட்டு மணி நேரத்துக்கு மேல். வஹகோட்டையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இங்கே பருவத்தை ஆள்வது அயனமன்று, மழை. வடகீழ்ப் பருவமழையில் விதைத்த பெரும்போகம் மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. களம் ஓய்ந்து நெல் வீடு சேர்ந்தபின் சித்திரை வருகிறது. உழவன் ஆண்டைத் தொடங்க இதைவிட வேறு சாட்சி ஏன்? யாழ்ப்பாணத்து உழவனுக்குத் தைப்பொங்கல் புது நெல்லின் விழா. அதற்கும் அயனத்தின் முத்திரை வேண்டியதில்லை.

ஆகவே புத்தாண்டென்பது ஞாயிறு இட்ட ஆணையன்று. மனிதர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. இதை ஒப்புக்கொண்டால் நட்டமென்ன? இனப்பெருமைக்காரருக்குத்தான் நட்டம். ஒரே சங்கராந்தியைச் சிங்களவரும் தமிழரும் ஒரே நாளில் கொண்டாடுகிறார்கள். 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய மண்ணில் இரு மக்களும் ஒருங்கே அடுப்பு மூட்டும் ஒரு நாள் இருப்பது சிறு செல்வமா? அதை ‘உன்னுடையது, என்னுடையது’ என்று கூறுபோடுவோர், பண்டிகை முற்பணத்தை மாதந்தோறும் கூலியில் கழிக்கக் கொடுக்கும் தோட்டத் தொழிலாளியைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? எந்த நாளைப் புத்தாண்டென்றாலும் அவர் கடன் புதிதாகப் பிறக்கிறதே!

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ஏப்ரல் 5 முதல் 15 வரை கதிரவன் இத்தீவின் மேல் தெற்கிலிருந்து வடக்காக நேர் உச்சியில் நகர்கிறான். வஹகோட்டைக்கு அவன் வருவது 9 அல்லது 10ஆம் நாள். பாடசாலை முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நடுங்கள். நண்பகல் 12 மணி 10 நிமிட அளவில் அதன் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். டிசம்பர் 21இலும் தை முதல் நாளிலும் அதே நண்பகலில் நிழலை அளந்து, எது நீளமென்று பிள்ளைகளே சொல்லட்டும். அதன்பின் எந்த நாளிலும் பொங்கட்டும். அண்டை வீட்டாரையும் அழைக்கட்டும். பொய்யை மட்டும் பொங்கலோடு பரிமாற வேண்டாம்.