காற்றாடி யந்திரமும் அதன் இரட்டையும்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் மேல்காற்று கடையநல்லூரைத் தாண்டிச் சங்கரன்கோவில் சீமை வரையில் வீசுவதும், அக்காற்றினால் மின்ஸாரம் உற்பத்தி செய்யும் யந்திரங்கள் தென்காசி ஜில்லாவில் வரிசையாய் நிற்பதும் நேயர்கள் நித்தியம் காணும் காக்ஷி. இருபது ஆண்டு உழைத்த யந்திரங்களைக் கழற்றிப் புதியன நாட்டுவதா, பழுது பார்த்து ஆயுளை நீட்டிப்பதா என்பதுபற்றித் தமிழ்நாடு சர்க்கார் 2024-ம் ஆண்டில் ஒரு கொள்கை வெளியிட்டனர். இத்தகைய தீர்மானங்களை ‘டிஜிட்டல் ட்வின்’ என்னும் கம்ப்யூட்டர் இரட்டையிடம் ஒப்புவித்துவிடலாம் என எண்ணுவோர்க்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

யந்திரத்தில் பொருத்திய கருவிகள் காற்றின் வேகம், பேரிங்கின் உஷ்ணம், கியர் பெட்டியின் அதிர்ச்சி முதலியவற்றை இடைவிடாது தெரிவிக்கின்றன. இந்தக் காற்றில் பேரிங் இவ்வளவுதான் சூடேற வேண்டுமென்று இரட்டை கணக்கிட்டு வைக்கிறது. கணக்கும் யந்திரமும் ஒத்துப்போகுமளவும் அது மௌனம் சாதிக்கும்; மாறுபடும்போதே வாய் திறக்கும். உடையுமுன் எச்சரிக்கை கிடைப்பது பெரிய லாபமே. ஆயினும் பிழை பேரிங்கிலா, உஷ்ணமானியிலா, கணக்கிலேயேவா? கோபுரத்தின்மேல் ஏறித் திறந்து பார்க்கும் தொழிலாளியே அதைச் சொல்ல வேண்டும். மூலப் பத்திரம் கையிலிருக்க, நகலை மட்டும் நீட்டும் கட்சிக்காரனைக் கோர்ட்டார் என்ன கேட்பார்கள் என்பது வக்கீல்களுக்குத் தெரியும்.

1970 ஏப்ரலில் அப்பாலோ 13 விண்கலத்தில் பிராணவாயுத் தொட்டி வெடித்தபோது, அமெரிக்கர் தரையிலிருந்த மாதிரிக் கலங்களில் ஒத்திகை பார்த்து மூவரையும் மீட்டனர். கலத்தின் உண்மை நிலை விண்ணிலிருந்து ஓயாது தெரிந்துகொண்டிருந்தமையாலன்றோ அம்மாதிரிகள் உதவின? நம் பழைய காற்றாடிகளோ 1990-களில் நாட்டியவை பல. 225, 250 கிலோவாட் சக்தியே உடையவை. நுட்பமான அளவு கருவிகள் அவற்றில் சொற்பம். பேசாத யந்திரத்துக்கு இரட்டை எங்கிருந்து பிறக்கும்? இறக்கையை இடி தாக்கியதும், புழுதி அரித்ததும், பின்வந்த யந்திரங்கள் முன்னே நின்று காற்றை மறித்ததும் தொழிற்சாலையில் வரைந்த படத்தில் காணா.

இதனினும் கனமான விஷயம் ஒன்றுண்டு. புதிய யந்திரங்கள் பலவற்றின் அளவுகள் தயாரித்த கம்பெனியின் கம்ப்யூட்டருக்கே போய்ச் சேருகின்றன. நிலம் நம்முடையது, காற்று நம்முடையது, ஏறி இறங்கும் உழைப்பும் நம்முடையது. அறிவு மட்டும் அன்னியன் பெட்டகத்திலிருக்க, நம் யந்திரத்தின் நோயை அறிய அவனுக்கே நாம் கட்டணம் செலுத்துவது எவ்வகைச் சுயராஜ்யம்?

யந்திரத்தின் அளவுகள் யாவும் அதன் உடைமைக்காரருக்கே உரியவை என்று சர்க்கார் விதி செய்ய வேண்டும். ஆயுள் நீட்டக் கோருவோரிடம் கணக்கை மட்டும் வாங்காமல், நேரில் சோதித்த சான்றையும் கேட்க வேண்டும். மத்திய சர்க்காரின் காற்றுச் சக்தி ஸ்தாபனத்துக்குக் கயத்தாற்றில் ஒரு சோதனை நிலையம் இருக்கிறது. இரட்டைகள் சொல்வதை நிஜ யந்திரத்தோடு ஒப்பிட்டு முடிவைத் தமிழில் வெளியிடும் வேலையை, அடுத்த மேல்காற்றுக்கு முன் அங்கே தொடங்கலாம்.